அண்ணன் கண்ணுக்கு ஏத்த டிவி

எங்க ஏரியால எவனாச்சும் கேம் ஆட டிவி வாங்கணும்னா மொதல்ல எனக்குத்தான் மெசேஜ் போடுவான். மலை மேல கேரளா பக்கம் இருக்குற எங்க சக்குபள்ளத்துலருந்து கீழ கம்பம் வரைக்கும், என் காலேஜ் செட்டு பூரா என்னைய பேனல் டாக்டர்னு தான் கூப்பிடுவானுக. "மாப்ள, எந்த டிவிடா போடலாம்"னு ஒரு வரி வந்தா போதும், நான் நாப்பது வரி திருப்பி அடிப்பேன். சாப்புடுறப்பகூட ஒரு கையில சோறு, ஒரு கையில டைப்பிங். இப்ப அஞ்சாறு மாசம் ஆச்சு, ஒருத்தனுக்கும் பதில் போடுறதில்ல. படிச்சிட்டு அப்படியே விட்டுருவேன். கெத்து ஏறிருச்சுன்னு பேசிக்கிறானுக. பேசிட்டுப் போறானுக.

ஏன் பதில் போடுறதில்லன்னு ஒரே தடவையா எழுதிடுறேன். இதுக்கு மேல எவனும் கேக்க வேணாம்.

மேட்டர் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். சாதா எல்இடி டிவில படத்துக்குப் பின்னாடி லைட்டு எந்நேரமும் எரிஞ்சுகிட்டே இருக்கும். முன்னாடி இருக்குற பேனல் அத மறைக்கப் பாக்கும். ஐபிஎஸ் பேனல்னா சரியா மறைக்காது, அதனால கறுப்பு கறுப்பாவே இருக்காது, சாம்பல் பூசுன மாதிரி வெளுத்துக் கெடக்கும். விஏ பேனல் நல்லா மறைக்கும், ஆனா இருட்டு சீன்ல ஏதாச்சும் வேகமா ஓடுனா பின்னாடியே கறை மாதிரி இழுத்துக்கிட்டு வரும். மினி எல்இடின்னா அந்தப் பின்லைட்ட குட்டி குட்டியா பிரிச்சு, தேவையில்லாத எடத்துல மட்டும் அணைக்கும். வெளிச்சம் அள்ளும். ஆனா இருட்டுல ஒரு வெளக்கு வந்தா அத சுத்தி ஒளி கசியும், மஞ்சுல, அதான் பனிமூட்டத்துல, ஜீப்பு ஹெட்லைட்டு கசியுற மாதிரி. ஓலெட்டுல பின்லைட்டே கெடையாது. ஒவ்வொரு புள்ளியும் தனி வெளக்கு. கறுப்பு காட்டணும்னா அந்தப் புள்ளியே அணைஞ்சிரும். சுத்தமான இருட்டு. பட்டன அமுக்குன ஒடனே படம் மாறும், இழுவை கெடையாது. ஒரே படம் ரொம்ப நாள் நின்னா தடம் விழுந்துரும்ங்கிறது மட்டும் தான் குறை.

கேமுக்கு ஓலெட்ட அடிச்சுக்க ஆளே இல்லன்னு அஞ்சு வருசமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பவும் அது பொய்யில்ல. கண்ணு நல்லா இருக்குறவனுக்கு.

எங்க வீட்டுல அப்பாவுக்கு ஏலக்கா ஸ்டோர்ல வேல. ஸ்டோர்னா கடை இல்ல. காட்டுலருந்து வர்ற பச்சக்காய காய வைக்கிற கட்டடம். வெளிய அடுப்புல வெறகு எரியும், அந்தச் சூடு உள்ள குழாய் வழியா ஓடும், மேல அடுக்கடுக்கா கம்பி வலைத் தட்டு, அதுல கா பரப்பிக் கெடக்கும். எம்புட்டுச் சூடு, எம்புட்டு நேரம்னு பாக்குறது அப்பா வேல. மீட்டர் இருக்கு, அப்பா அத பாக்க மாட்டாரு. கதவத் தொறந்து கைய உள்ள நீட்டுவாரு, அவ்வளவுதான். அம்மா காட்டுல கா எடுக்கப் போகும். அண்ணன் சொந்தமா ஜீப்பு ஓட்டுனான். காலையில கம்பம்மெட்டு பார்டர் செக்போஸ்டுல நின்னு, தமிழ்நாட்டுலருந்து கா எடுக்க வர்ற பொம்பளையாளுகள ஏத்திட்டு எஸ்டேட்டு எஸ்டேட்டா எறக்கி விடணும். சாயங்காலம் திருப்பி ஏத்தி விடணும். நடுவுல மதியம் ஃப்ரீ. அப்பத்தான் நாங்க ரெண்டு பேரும் கேம் ஆடுவோம்.

முப்பத்திரண்டு இஞ்ச் பழைய டிவி, ஐபிஎஸ். ஃப்ரெண்டு ஒருத்தன் கிட்ட சல்லிசா வாங்குன கன்சோல். அண்ணனுக்குப் பிடிச்சது ஒரே கேம் தான். மலங்காட்டுல, சேத்துல, லோடு வண்டி ஓட்டி சரக்கு கொண்டு போயி சேக்கணும். காலையிலருந்து ஜீப்பு ஓட்டிட்டு வந்தவன் மறுபடியும் வண்டி ஓட்டுவான்.

"ஏண்ணே, பொழப்பும் இதான், வெளாட்டும் இதானா?"ன்னு கேட்டா,

"இதுல எவளும் பின்னாடியிருந்து மெதுவா போ மெதுவா போன்னு கத்த மாட்டாளுகடா"ம்பான்.

மேப்ப பாக்கவே மாட்டான். மண்ணு நெறத்த வச்சே எங்க டயரு புதையும்னு சொல்லுவான். சொன்னா சொன்ன மாதிரி புதையும். நான் அந்த கேமுக்கு வீடியோவா பாத்துத் தள்ளுனவன், என்னால அவன் ஓட்டுற மாதிரி ஓட்ட முடியாது.

அப்பறம் அவன் ஓரத்துல இருக்குறதெல்லாம் இடிக்க ஆரம்பிச்சான். மரம், வேலிக் கல்லு, நிக்கிற வண்டி. நடுவுல வர்றத சூப்பரா ஒதுங்குவான், பக்கத்துல இருக்குறத விட்டுருவான். கேம்ல சாயங்காலம் ஆனா வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டிடுவான். "விடியட்டும்டா, அவசரமா என்ன"ம்பான். எனக்கு அது செம காமெடி. "லைசென்ஸ எந்த பேக்கரில வாங்குன?"ன்னு ஓட்டுவேன். அவன் வண்டி மரத்துல மோதுனத வீடியோ எடுத்து செட்டு வாட்ஸ்அப் குரூப்புல போட்டு விட்டேன். நாப்பது பேரு சிரிச்சானுக. அவனும் சிரிச்சான். இது ஒரு ஆறேழு மாசம் ஓடுச்சு. வீட்டுல டீ கிளாஸ தட்டி விடுவான், வாசப்படில முட்டிய இடிப்பான். அம்மா மட்டும் "பாத்து நடடா"ன்னு சொல்லும். பாத்துத்தான் நடக்குறான்னு யாருக்கும் தோணல.

ஒரு நாள் காலையில பொம்பளையாளுகள ஏத்திட்டு வந்தவன் நடு ரோட்டுல ஜீப்ப நிப்பாட்டிட்டு எல்லாத்தையும் எறங்கச் சொல்லிட்டான். எனக்கு ரோடு தெரியலன்னானாம். முன் சீட்டுல இருந்த அக்கா, "மஞ்சு விழுந்தா எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி, கொஞ்சம் நின்னு போ"ன்னுச்சாம். அப்பறம் அந்த அக்காவே எங்கம்மாகிட்ட வந்து, "அன்னைக்கி மஞ்சே இல்லக்கா"ன்னு மெதுவா சொல்லுச்சு.

மதுரையில கண்ணு டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனோம். ஒரு நாள் பூரா சொட்டு மருந்து, மெஷினு, இருட்டு ரூம்பு. கண்ணுக்குள்ள இருக்குற ஜவ்வு ஓரத்துலருந்து கொஞ்சங் கொஞ்சமா கெட்டுக்கிட்டு வருதுன்னாங்க. மொதல்ல இருட்டுல தெரியாது, அப்பறம் ஓரம் தெரியாது, நடுவுல ஒரு வட்டம் மட்டும் இருக்கும், அந்த வட்டமும் சுருங்கும். மருந்து இல்ல. டாக்டரம்மா அம்மாவ பாத்து, "சொந்தத்துல கட்டுனீங்களா?"ன்னு கேட்டாங்க. "தாய்மாமன் தான்"னு அம்மா சொல்லுச்சு. அப்பா தரைய பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அத சொன்னப்ப அண்ணன் என் தோள்ல தட்டிக் குடுத்தான். நான் பரீச்சையில பாஸான மாதிரி.

எவ்வளவு நாளு தெரியும்னு அண்ணனே கேட்டான். "சொல்ல முடியாதுப்பா. சிலருக்கு மெதுவா போகும், சிலருக்கு வேகமா. வண்டி மட்டும் இனிமே வேணாம்."

ஜீப்ப வித்தான். வித்த அன்னைக்கி என்னைய கூப்பிட்டு, "இதுல கொஞ்சத்துக்கு நல்ல டிவி ஒண்ணு எடுப்போம்டா. தெரியுற வரைக்கும் வண்டி ஓட்டணும். அதுலயாச்சும்"னான்.

அந்த நேரத்துல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. மறைக்க ஒண்ணும் இல்ல. அஞ்சு வருசமா அடுத்தவனுக்கெல்லாம் எழுதிக் குடுத்தவன், என் வீட்டுக்கு ஒண்ணு வரப் போகுது. ரெண்டு வாரம் தூங்காம ரிவ்யூ பாத்தேன். நூத்தி இருவது ஹெர்ட்ஸ் வேணும், அதாவது செகண்டுக்கு நூத்தி இருவது படம், பட்டனுக்கும் படத்துக்கும் நடுவுல இன்புட் லேக் கம்மியா இருக்கணும், வெளிச்சத்தையும் இருட்டையும் எடுத்துக் காட்டுற ஹெச்டிஆர் வேணும், அம்பத்தஞ்சு இஞ்சுக்குக் கொறையக் கூடாது. எங்க வீடு எவ்வளவு சின்னதுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அம்பத்தஞ்சு மாட்டுனா சாமி படம் பூராத்தையும் கழட்டணும். அம்மாவே ஒவ்வொண்ணா கழட்டுச்சு.

"எனக்கு அதுல நல்லா தெரியுமாடா?"ன்னு அண்ணன் கேட்டான்.

"தெரியுமாவா? எறும்பு போனா அதோட காலு தெரியும்ணே."

கட்டப்பனையில ஒரு பெரிய கடைக்குப் போனோம். உள்ள ஒரு ரூம்ப இருட்டாக்கி அதுல வெல கூடுன டிவியெல்லாம் வரிசையா மாட்டி வச்சிருந்தாங்க. சேல்ஸ் சேட்டன் பாதி மலையாளம் பாதி தமிழுல அடிச்சு விட்டாரு. நான் அவர விட ஒரு படி மேல அடிச்சேன். அவரே ஒரு கட்டத்துல, "அனியா, நீங்க இங்க ஜோலிக்கி வந்திரு"ன்னு என்னைய வேலைக்கே கூப்புட்டுட்டாரு. எனக்குத் தலைகால் புரியல.

ஓலெட்டுல ஒரு இருட்டுக் காடு ஓடுச்சு. ஒரு ஆளு லாந்தர் பிடிச்சுக்கிட்டு நடந்து போறான். நான் வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நின்னேன். அண்ணன் கழுத்த இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக்கிட்டே இருந்தான்.

"எப்படிண்ணே?"

"ஒரு லைட்டு மட்டும் போகுது."

"அந்த ஆளு தெரியலையா? பின்னாடி மரம்?"

"ஒண்ணும் இல்லடா. டிவியே இல்லாத மாதிரி இருக்கு. பெருசா வேற இருக்கு, தேட வேண்டியிருக்கு."

சேட்டன் சிரிச்சுட்டு, "அதா இதோட ஸ்பெஷல், பெர்ஃபெக்ட் பிளாக்கு"ன்னாரு. நானும் சிரிச்சேன். கண்ணு பழகணும்ணேன்னு சொன்னேன்.

அவன் ரூம்ப விட்டு வெளிய போயி, வாசல் பக்கத்துல நின்னான். அங்க வெல கொறஞ்ச சின்ன டிவியெல்லாம் அடுக்கி வச்சிருந்தாங்க. கீழ் வரிசையில ஒண்ணுல அதே காடு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஐபிஎஸ், அறுவது ஹெர்ட்ஸ். கறுப்பெல்லாம் வெளுத்து, தூசி படிஞ்ச கண்ணாடி வழியா பாக்குற மாதிரி. அவன் நாலடி தள்ளி நின்னு பாத்துட்டு, "இதுல அந்த ஆளு தெரியுறான். மரங்கூட தெரியுது"ன்னான்.

"அண்ணே, அது குப்ப பேனல். கான்ட்ராஸ்டே கெடையாது. இத வாங்கிட்டுப் போனா செட்டுல என்னைய தொங்க விட்டுருவானுக."

"எனக்கு இதுல தெரியுதுடா."

"கடை வெளிச்சத்துல அப்படித்தான் இருக்கும். வீட்டுல போட்டா வித்தியாசம் புரியும். நான் சொல்றேன்ல."

அவன் இன்னொரு தடவ அந்தச் சின்ன டிவிய பாத்தான். "சரி. நீ படிச்சவன், நீயே பாத்துக்க"ன்னான். அதுல நக்கல் எதுவும் இல்ல. அப்படியே நம்பித்தான் சொன்னான். பழைய டிவிய எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு ஓலெட்ட எடுத்தோம்.

ஆடி மாச மழை. கடை வண்டி எஸ்டேட்டு ரோட்டுக்குள்ள வராதுன்னுட்டாங்க. அண்ணனோட பழைய கூட்டாளி ஒருத்தர் ஜீப்புல ஏத்தி, மேல தார்ப்பாய் கட்டிக் கொண்டு வந்தோம். ஏத்தத்துல தார்ப்பாய் அவுந்து ஒரு பக்கம் பறந்துருச்சு. வீட்டுக்கு வர்றப்ப அட்டப்பெட்டி ஊறிப் போயி, கைய வச்சா கைக்குள்ள வந்துச்சு. பிரிச்சு பாத்தா டிவி மேல பூரா தண்ணி, பின்னாடி ஓட்டை வழியா உள்ளயும் எறங்கியிருக்கு. தொடச்சேன். ஆன் பண்ணல. ஆன் பண்ணுனா ஷார்ட் ஆகிரும்னு தெரியும். ஈரம் பூரா போற வரைக்கும் யாரும் ப்ளக்க சொருகக் கூடாதுன்னு சொல்லிட்டு, மறுநாள் கம்பத்துக்குப் போயிட்டேன். அரியர் பேப்பரு ரெண்டு இருந்துச்சு. ரெண்டு நாள் ஃப்ரெண்டு ரூம்புல தங்கி எழுதிட்டு வர்றதா பிளான்.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ல மழைக்காலத்துல எதுவும் தானா காயாது. துணி ரெண்டு வாரம் கொடில கெடந்தாலும் பிசுபிசுன்னு தான் இருக்கும். அதனால எல்லாமே ஸ்டோருக்குத்தான் போகும். ஸ்கூல் யூனிபாரம், தலகாணி, செருப்பு, ரேசன் கார்டு. நான் பிளஸ் டூ படிக்கிறப்ப மழையில நனைஞ்ச நோட்டு பூரா ஏலக்கா தட்டுல கெடந்து தான் காஞ்சுச்சு, பப்ளிக் எக்ஸாமுக்கு ஏலக்கா வாசத்தோட தான் படிச்சேன். என் ஃபோனு ஓடையில விழுந்தப்ப அப்பா ஒரு நாள் பூரா அங்க வச்சு எடுத்துக் குடுத்தாரு, மூணு வருசம் ஓடுச்சு. அந்தக் கதைய நானே பெருமையா நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன்.

திரும்பி வந்தப்ப டிவி சுவத்துல மாட்டியிருந்துச்சு. அப்பா வாசல்ல நின்னு சிரிச்சாரு. அவரு சிரிக்கிறது அபூர்வம்.

"காஞ்சிருச்சு. உன் ஃபோனுக்கு வச்ச மாதிரியே வச்சேன். ஈரம் ஒரு பொட்டு இல்ல."

நான் கிட்டப் போயி பாத்தேன். ஸ்கிரீன் பூரா கட்டம் கட்டமா தடம். தட்டோட கம்பி வலை அப்படியே அச்சு விழுந்திருந்துச்சு. கண்ணாடிய மேல பாக்க வச்சா தூசி விழும்னு கவுத்துப் போட்டிருக்காங்க. மேல ஒட்டியிருக்குற ஃபிலிமு கொப்பளிச்சு, கீழ் ஓரம் வெளிய வளைஞ்சு வந்திருந்துச்சு. அப்பா கையளவு சூடு. இருவத்து நாலு மணி நேரம். ஆன் பண்ணேன். நடுவுல பச்சையா ஒரு கோடு, அது பக்கத்துல இன்னொண்ணு. அவ்வளவுதான். சுத்தமான கறுப்பு.

நான் அப்பாவ என்னென்ன சொன்னேன்னு இங்க எழுதப் போறதில்ல. கொஞ்சம் சொல்லலாம். காலம் பூரா காய மட்டும் காய வச்ச மூளைன்னு சொன்னேன். அண்ணன் தான் நடுவுல வந்தான்.

"நானும் தான்டா தூக்கிட்டுப் போனேன். அவர ஏன் சொல்ற? நீ வந்த ஒடனே ஆடலாமேன்னு பாத்தோம்."

"உனக்குக் கண்ணு தெரியாதுன்னா அறிவுமா இல்ல?"

வாயில வந்துருச்சு. அம்மா அடுப்படியிலருந்து வெளிய வந்து நின்னுச்சு. அண்ணன் மெதுவா சுவத்தப் பிடிச்சு உக்காந்து, எனக்குக் கேக்குற மாதிரி மட்டும் சொன்னான்.

"கடையில சொன்னேன்லடா. எனக்கு அதுல ஒண்ணும் தெரியலன்னு. நல்லா இருந்திருந்தாலும் நீ தான் பாத்திருப்ப."

சர்வீஸ் ஆளு வந்தாரு. குனிஞ்சு பாத்தாரு, மோந்து பாத்தாரு. "இதென்ன, ஏலக்கா மணக்குது?"ன்னாரு. அப்பா நடந்தத அப்படியே சொன்னாரு. பொய் சொல்லச் சொல்லி நான் கண்ணு காட்டுனேன், அவரு பாக்கல. பாத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாரு. வாரண்டி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, ஒரு டீ குடிச்சுட்டு, "இப்படி ஒண்ணு நான் கண்டதேயில்ல"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்கப்பறம் மூணு மாசம் வீட்டுல டிவி இல்ல. நெனச்சிருந்தா ஒரு வாரத்துல எதையாச்சும் புடிச்சிருக்கலாம். கடையில கீழ் வரிசையில இருந்த அந்த டிவியவே எடுத்திருக்கலாம், அதுக்கெல்லாம் பெருசா செலவு ஒண்ணும் ஆகாது. நான் எடுக்கல. மறுபடியும் ஓலெட்டு தான் எடுப்பேன், சேத்து வச்சு எடுப்பேன்னு வீம்பு. குமுளியில ஒரு ஆன்லைன் சென்டர்ல வேலைக்குச் சேந்தேன். சர்டிபிக்கேட் அப்ளிகேசன், கரண்ட் பில்லு, அந்த மாதிரி. மதியம் வீட்டுல அண்ணன் மட்டும் இருப்பான். கட்டில்ல உக்காந்து கன்ட்ரோலர கையில வச்சுக்கிட்டு, ஒயர் எங்கயும் சொருகாம, ஸ்டிக்க மட்டும் திருப்பிக்கிட்டு இருக்கான்னு, வேல சீக்கிரம் முடிஞ்சு வந்த அன்னைக்கி பாத்துட்டு அம்மா சொல்லுச்சு. அப்பக்கூட எனக்கு உறைக்கல.

உறைச்சது சென்டர்ல. ஒரு தாத்தா பென்சன் விசயமா வந்திருந்தாரு. அவருக்கு எழுத்து தெரியலன்னு ஸ்கிரீனத் திருப்பி, வெளிச்சத்த ஏத்தி, கறுப்ப வெளுப்பாக்கிக் காட்டுனேன். "ஆங், இப்பத் தெரியுது"ன்னாரு. ஒரு நிமிசம் கூட ஆகல எனக்கு. யாருன்னே தெரியாத ஆளுக்கு, உங்களுக்கு எப்படி வச்சா தெரியும்னு கேட்டு செட் பண்ணிக் குடுத்திருக்கேன். ரெண்டு வாரம் ரிவ்யூ பாத்தப்ப அண்ணன் கிட்ட அந்த ஒரு கேள்விய கேக்கல.

அன்னைக்கே சென்டர்ல சும்மா கெடந்த இருவத்து நாலு இஞ்ச் மானிட்டர் ஒண்ண ஓனர் கிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேன். ஐபிஎஸ். ஆபீஸ் சரக்கு, மொக்கையிலும் மொக்க. ஞாயித்துக்கெழம காலையில அண்ணன உக்கார வச்சு ஒவ்வொண்ணா கேட்டேன். கிட்ட வச்சா வட்டத்துக்குள்ள பாதி ஸ்கிரீன் தான் வருதுன்னான். நகத்தி நகத்தி ஆறடி தள்ளி வச்சோம், முழுசா வந்துச்சு. வெளிச்சம் பளிச்சுன்னு குத்துதுன்னான், கான்ட்ராஸ்ட கொறச்சேன். காமான்னு ஒரு செட்டிங்கு, அத ஏத்துனேன், கறுப்ப மேல தூக்குனேன். நெழலெல்லாம் வெளுத்து, கலரெல்லாம் செத்து, ரிவ்யூ பண்றவன் எவனாச்சும் பாத்தா அழுதுருவான். அப்படி ஒரு அசிங்கமான படம்.

"போதும்டா, நிப்பாட்டு. ரோடு தெரியுது"ன்னான்.

அப்பா ஒரு மரக்கட்டைய வச்சு மானிட்டருக்கு ஸ்டாண்டு செஞ்சு குடுத்தாரு. எங்கிட்ட நேரா பேசல. அண்ணன் கிட்ட சொல்லி, அண்ணன் எங்கிட்ட சொல்லி, அளவு வாங்கி செஞ்சாரு. கேம்ல நேரத்த ஓடாம நிறுத்தி வைக்க ஒரு செட்டிங்கு இருக்கு. எந்நேரமும் உச்சி வெயில் மாதிரி வச்சு விட்டேன். சாயங்காலமே வராது. அவன் எங்கயும் ஓரங்கட்ட வேண்டியதில்ல.

ஒரு நாலஞ்சு மாசம் ஓட்டுனான். ஓரத்துல இருக்குறத இடிப்பான், ஆனா ஓட்டுனான். மரம் ஏத்திக்கிட்டு ஒரு மலைய ஏறி எறங்குற லோடு ஒண்ணு இருக்கு, நான் நாலு தடவ கவுத்தது. அத ஒரே மூச்சுல கொண்டு போயி சேத்துட்டு, "உங்க நாப்பது பேருக்கும் வீடியோ அனுப்புடா"ன்னான். அனுப்புனேன். ரெண்டு பேரு தான் பாத்தானுக.

அந்த மூணு மாசத்தையும் சேத்திருந்தா ஏழெட்டு மாசம் ஓட்டியிருப்பான். இந்தக் கணக்க எங்க வீட்டுல யாரும் போடுறதில்ல. நான் மட்டும் தான் போடுறேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம மதியம், சேத்து ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருந்தான். நான் பக்கத்துல உக்காந்து கடலை தின்னுக்கிட்டு இருந்தேன். ஸ்கிரீன்ல வெயில் கொளுத்துது, ரோடு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா கெடக்கு. வண்டி வேகம் கொறஞ்சுச்சு. அவன் கட்டை வெரல் ஒரு பட்டன தேடி அமுக்குச்சு. என்ன பண்றான்னு பாத்தேன்.

ஹெட்லைட்டப் போட்டான்.

வண்டிய நிப்பாட்டுனான். ஒரு தடவ அணைச்சு மறுபடியும் போட்டான். மானிட்டர்ல எல்லாமே கடைசி வரைக்கும் ஏத்தி வச்சாச்சு, அதுக்கு மேல ஏத்த ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச எந்தப் பேனல்லயும் இல்ல.

கடலைய கீழ வச்சேன்.

"ரோடு நேரா தான்ணே போகுது. போ. இன்னும் கொஞ்சம். இப்ப லெஃப்ட்ல ஒடி."

ஒடிச்சான்.

"வரட்டும், வரட்டும். ரைட்ல கல்லு இருக்கு, லேசா ஒதுங்கு."

"எம்புட்டு?"

"ஒரு சாண்."

ஒதுங்குனான். இப்ப தெனம் மதியம் சென்டர்லருந்து சாப்பாட்டுக்குன்னு வந்து ஒரு மணி நேரம் இப்படித்தான் ஓட்டுறோம். ஒடி, போ, நில்லு, வரட்டும். மானிட்டர நான் தான் பாக்குறேன்.